சம்பந்தியம்மாவைக் காப்பாற்ற ஒரு சவுண்ட் கார்டு

என் மகளின் மாமியாரை நான் தினமும் மத்தியானம் சாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்று இல்லை. அது கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு. இரண்டிரண்டு பேராக ஒரு தீவில் போய் இறங்க வேண்டும். நம்மைப் போலவே இன்னும் பல ஜோடிகள் இறங்கியிருப்பார்கள். எல்லோர் கையிலும் துப்பாக்கி. கடைசிவரை சாகாமல் நிற்கிற ஜோடிதான் ஜெயிக்கும். அவ்வளவுதான். ஜீயபுரத்தில் ஐந்தாவது வரை படித்த எனக்கே புரிந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தியம்மா கே.கே. நகரில் இருக்கிறார். நானும் என் வீட்டுக்காரரும் அதே ஊரின் இன்னொரு கோடியில், ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறோம். போன வருஷம் சம்பந்தியம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி, வீட்டோடு கிடந்தார். பெங்களூரிலிருந்து வந்த மாப்பிள்ளை, அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று இந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு சீட்டாட்டம் போட்டுக் கொடுத்திருக்கலாம். அவருக்குத் தோன்றவில்லை. ஜோடிக்கு ஆள் வேண்டுமே? என் மகள், கல்யாணத்துக்கு முன்னால் தான் வைத்திருந்த கம்ப்யூட்டரை எங்கள் வீட்டில் தூசி தட்டி, அதிலும் இதை ஏற்றி, "அத்தைக்குத் துணைக்கு இரும்மா" என்றாள். துணைக்கு இருப்பது என்றால் ஃபிளாஸ்க்கும் கையுமாக ஆஸ்பத்திரியில் உட்காருவது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

எனக்குக் கூச்சம் ஜாஸ்தி. பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் வந்தால் "இறங்கணும்" என்று குரல் கொடுக்க வாய் வராது. வேறு யாராவது இறங்குகிற இடம் வரை போய், அவர்கள் பின்னாலேயே இறங்கி, திரும்பி நடந்து வருவேன். அப்படிப்பட்டவள் சம்பந்தியம்மாவிடம் என்ன பேசியிருப்பேன்? அவர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்கும் மேலே, மாப்பிள்ளையைப் பெற்றவர். பெண்ணைக் கொடுத்தவர்கள் பிள்ளை வீட்டாரிடம் இப்படிச் செய்யுங்கள், அப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் சொன்னது மூன்றே வாக்கியம்: வாங்க. சாப்பிடுங்க. போயிட்டு வாங்க. அவர் என்னிடம் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். கூடவே, "வெயில் ஜாஸ்தி."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் பார்க்காமல் உட்கார்ந்தபோது எனக்கு எப்படியோ பேச்சு வந்தது. தீவில் ஒரு வைக்கோல் போருக்குப் பின்னால் நாங்கள் ஒளிந்திருந்தபோதுதான், தனக்குப் பாகற்காய் பிடிக்கவே பிடிக்காது என்று சம்பந்தியம்மா சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் நான் பாகற்காய்ப் புளிக்குழம்புதான் வைத்திருக்கிறேன்.

"ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே!" என்றேன்.

"நீங்க ஆசையா வச்சிருந்தீங்க சம்பந்தியம்மா. எப்படி வேண்டாங்கறது?"

அந்தப் பேச்சில் இருந்தபோது எவனோ வந்து எங்கள் இரண்டு பேரையும் சுட்டுவிட்டான். அதனால் என்ன? எனக்கு அன்று மனசு நிறைந்திருந்தது. இந்த வயதில் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள். அதுவும் யார், பாருங்கள்.

இதற்குத்தான் ஆபத்து வந்தது.

எங்கள் கம்ப்யூட்டரில் ஹெட்போனைச் செருகினால் பழைய ஃபிரிட்ஜ் மாதிரி ஒரு இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். மவுஸை நகர்த்தினால் 'கீய்ய்' என்று மூஞ்சூறு கத்துகிற சத்தம் வேறு. இந்த விளையாட்டில் காலடிச் சத்தம்தான் உயிர். எதிராளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான், மண்ணில் நடக்கிறானா, மரப்படியில் ஏறுகிறானா என்பதெல்லாம் காதில் விழுந்தால்தான் திரும்பிச் சுட முடியும். என் காதில் ஃபிரிட்ஜும் மூஞ்சூறும்தான் விழுந்தன. என் மைக் வழியாக அந்த இரைச்சல் கே.கே. நகருக்கும் போய், சம்பந்தியம்மாவின் காதையும் அடைத்தது. ஆக, அவர் முதலில் சாவார். அவரைத் தேடிக்கொண்டு போய் நான் அடுத்துச் சாவேன்.

ஒரு நாள் அவர் சொன்னார்: "சம்பந்தியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க மாடி வீட்டம்மா இந்த விளையாட்டைக் கத்துக்கிட்டு இருக்காங்க. பேத்திகிட்டே கத்துக்கிட்டாங்களாம். இப்ப ஊருக்குப் போயிருக்காங்க, அடுத்த வாரம் வந்துடுவாங்க. உங்களுக்கும் இந்தச் சத்தத்தோட சிரமமாத்தானே இருக்கு? நீங்க வேணா கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன்."

"அதுக்கென்னங்க, நல்லதுதானே" என்றேன்.

பெண்ணைக் கொடுத்தவள் வாயில் வேறு என்ன வரும்? அடுக்களைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றேன். கடைசியில் ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவினேன். மாடி வீட்டம்மா வந்துவிட்டால் நான் திரும்பவும் வாங்க, சாப்பிடுங்க, போயிட்டு வாங்க. வெயில் ஜாஸ்தி.

மகளுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லவில்லை. இரைச்சலை மட்டும் சொன்னேன்.

"அது உன் தப்பில்லம்மா. அந்தப் பொட்டிக்குள்ள இருக்கற சவுண்ட் கார்டு மட்டம். உள்ள ஓடற எல்லாத்தோட சத்தத்தையும் இழுத்து உன் காதுல விடுது. வெளியில மாட்டற சவுண்ட் கார்டுன்னு கேட்டு வாங்கு. பென்டிரைவ் செருகற ஓட்டையில மாட்டிட்டு, ஹெட்போனை அதுல செருகிக்கணும். உன் ஹெட்போனுக்கு ஒரே ஊசிதானே? மறக்காம அதைக் கையோட எடுத்துட்டுப் போ."

வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு தில்லை நகரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலைக்காலம் முழுக்கப் பட்டறை இரும்புச் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பேசி, அவர் குரல் அந்த அளவிலேயே நின்றுபோய்விட்டது. பஸ்ஸிலேயே அவரிடம் சொல்லி வைத்தேன்: "கடையில மெதுவா சொல்லுங்க. விளையாட்டுக்குன்னு சொல்ல வேண்டாம். பாட்டு கேக்கன்னு சொன்னா போதும்."

"சரி, சரி" என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

கடையில் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட ஓர் அம்மாள் இருந்தார். "வாங்கம்மா, என்ன வேணும்?" என்றார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"இவங்க துப்பாக்கியால சுடுவாங்க!" என்றார் அவர். "ஆளு வர்ற சத்தம் காதுல விழமாட்டேங்குதாம்!"

பக்கத்தில் பிரிண்டர் மை வாங்க வந்திருந்த ஒருவர் ஓரடி தள்ளி நின்றார். எனக்குக் கடையின் கண்ணாடி அலமாரிக்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. கடைக்கார அம்மாள் மட்டும் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"எந்தப் பக்கத்துலேருந்து வர்றது விழலைம்மா?"

"எந்தப் பக்கமும்..." என்றேன். என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. வீட்டுக்காரர் அதைப் பெரிதாக்கிச் சொன்னார்.

மூன்று வகை எடுத்து வைத்தார். முதலாவது சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அதில் காதுக்கு ஓர் ஓட்டை, வாய்க்கு ஓர் ஓட்டை. என் ஹெட்போனிலோ காதும் வாயும் ஒரே ஊசியில். அதைப் பிரிக்கத் தனியாக ஒரு ஒயர் வாங்க வேண்டுமாம். இத்துணூண்டு சாமானுக்கு வால் அதைவிட நீளமா என்று தள்ளி வைத்தேன்.

இரண்டாவது, சீரியல் செட் போட்ட பந்தல் மாதிரி ஊதாவும் பச்சையுமாக மினுக்கியது.

"இது செவன் பாயின்ட் ஒன்" என்றார் கடைக்கார அம்மாள். "சுத்தி ஏழு பக்கத்துலேருந்தும் சத்தம் வர்ற மாதிரி இருக்கும்."

"திசை எட்டு ஆச்சே. ஒண்ணை ஏன் விட்டுட்டான்?" என்றார் வீட்டுக்காரர்.

"அதான் சார், பாயின்ட் ஒண்ணு இருக்கே."

"அது பத்துல ஒரு பங்குதானே? மீதி எங்க?"

"சார், அது திசை இல்ல. இடி, வெடி எல்லாம் கும்முன்னு அதிர்றதுக்கு."

"எங்க வீட்ல அதுக்கு நான் இருக்கேன்" என்றார். அவருக்குத் தன்னைப் பற்றித் தெரியும்.

மாட்டிப் பாருங்கள் என்றார்கள். என் கொண்டையும் ஹெட்போனும் ஒத்துப்போகாது. வளையத்தைக் கொண்டைக்குப் பின்னால் கொண்டுபோனால் வழுக்கி விழும், முன்னால் கொண்டுவந்தால் நெற்றியில் இறங்கும். ஊரார் பார்க்க அதைச் சரிசெய்து, ஸ்டூலில் உட்கார்ந்தேன். காதில் ஒரு காலடிச் சத்தத்தைப் போட்டுவிட்டார்கள். யாரோ தடதடவென்று எனக்குப் பின்னால் வந்தார்கள். நான் சட்டென்று எழுந்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு, "வாங்க, வாங்க" என்று வழிவிட்டேன். பின்னால் ஒருவரும் இல்லை. பிரிண்டர் மைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

அவ்வளவு செய்தும் அது எனக்குச் சரிப்படவில்லை. சத்தம் வருகிறது, சுற்றுகிறது, எதிரொலிக்கிறது. ஆனால் கல்யாண மண்டபத்தில் மைக் வைத்துப் பேசுகிற மாதிரி, யார் எங்கே நின்று பேசுகிறார் என்று பிடிபடவில்லை. பக்கத்தில் இருக்கிறானா, பத்து வீடு தள்ளி இருக்கிறானா என்று தெரியாவிட்டால் ஏழு பக்கத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மூன்றாவது ஒரு கறுப்புப் பெட்டி. சோப்பு டப்பா அளவு. ஒளி கிளி ஒன்றும் கிடையாது. என் ஊசிக்கு ஏற்ற ஒரே ஓட்டை. மேலே, அடுப்பில் கேஸைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒரு திருகு. பக்கவாட்டில் மைக்கை நிறுத்த ஒரு பொத்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இடது பக்கம் மண்ணில் நடக்கிறான். நின்றான். இப்போது முதுகுக்குப் பின்னால், மரப்பலகை மேல். எங்கள் அடுக்குமாடியில் மூன்றாவது மாடிக்காரர் வருகிறாரா, அவர் மனைவி வருகிறாளா என்று செருப்புச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அது மாதிரி இருந்தது.

"இதுல உங்க குரலையும் நீங்களே கேக்கலாம்மா" என்று கடைக்கார அம்மாள் எதையோ தட்டிவிட்டார். "ஏதாவது பேசுங்க."

என்ன பேசுவது? "சாப்பிட்டீங்களா?" என்றேன்.

காதுக்குள் ஒரு பெண்ணின் குரல் "சாப்பிட்டீங்களா" என்றது. வாசலைத் தாண்டி உள்ளே வரத் தயங்கிக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு ஆகிவிடக் கூடாதே என்று கேட்கிற குரல். எனக்கே பாவமாக இருந்தது.

"இது யாருங்க?"

"நீங்கதாம்மா."

அதை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டேன். "இந்தப் பெட்டியே போதுங்க" என்றேன். கடையில் நானாக முடிவெடுத்துச் சொன்னது அது ஒன்றுதான். அதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து செருகினோம். காது இதன் வழியாக, மைக் இதன் வழியாக என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர வேண்டுமாம். மகள் போனிலேயே ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் அமுக்கினேன். திடீரென்று ஒரே அமைதி. கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகுதான் கேட்டது. கே.கே. நகரில் மின்விசிறி சுற்றுகிறது. சம்பந்தியம்மாவின் கண்ணாடி வளையல் மேஜையில் உரசுகிறது. அவர்கள் வீட்டில் யாரோ அப்பளம் நொறுக்குகிறார்கள்.

"சம்பந்தியம்மா! இரைச்சலே இல்லையே!" என்றார் அவர்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று தீவில் இறங்கியதும் சம்பந்தியம்மாவுக்கு இரண்டு துப்பாக்கி கிடைத்தது. என் பின்னால் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"கல்யாணத்துல அந்தம்மா வடையை ரெண்டு பந்தியிலயும் உக்காந்து வாங்குச்சு. இங்கயும் பாரு, துப்பாக்கி ரெண்டு!"

இப்படி அவர் தினமும் ஏதாவது சொல்வதுதான். இத்தனை நாள் ஃபிரிட்ஜ் இரைச்சல் அதைத் தின்றுகொண்டிருந்தது. இன்று கறுப்புப் பெட்டி ஓர் எழுத்து சிந்தாமல் கே.கே. நகரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. நான் மைக் பொத்தானை அமுக்கினேன், வடை போய்ச் சேர்ந்த பிறகு.

அந்தப் பக்கம் மின்விசிறி மட்டும் சுற்றியது. அப்பளம்கூட நின்றுவிட்டது. பிறகு சம்பந்தியம்மா சொன்னார்:

"இன்னிக்கு வெயில் ஜாஸ்தி, இல்லீங்க?"

பொத்தானை மறுபடி அமுக்கி மைக்கைத் திறந்து, "ஆமாங்க" என்றேன்.

அதற்கடுத்த நாட்களில் வீட்டுக்காரரை விளையாட்டு நேரத்தில் வாசகசாலைக்கு அனுப்பிவைத்தேன். ஆனாலும் சம்பந்தியம்மா செத்துக்கொண்டேதான் இருந்தார். எனக்கு இப்போது எல்லாம் கேட்டது. கேட்டு என்ன பயன்? நான் சொல்கிற விதம் இப்படி:

"சம்பந்தியம்மா, தப்பா நெனைச்சுக்காதீங்க, உங்களுக்குத் தெரியாததில்ல, இருந்தாலும் சொல்றேன், உங்க எடது கைப் பக்கமா ஒருத்தர் வர்ற மாதிரி..."

டுமீல்.

"அடடா" என்பார் அவர். "பரவாயில்லைங்க."

இன்னொரு நாள், "நீங்க சிரமம் பார்க்காம கொஞ்சம் குனிஞ்சுக்கிட்டீங்கன்னா..." டுமீல். சுடுகிறவனையும் 'ஒருத்தர்' என்றுதான் என் வாயில் வந்தது. அவருக்கும் அதே வியாதி. என் பின்னால் ஒருவன் வந்து நின்றபோது, "சம்பந்தியம்மா, உங்களுக்கு ஆட்சேபணை இல்லேன்னா திரும்பிப் பாருங்களேன்" என்றார். ஆட்சேபணை இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

சவுண்ட் கார்டு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதற்கு மேல் என் நாக்கில் மாட்ட எந்தக் கடையில் என்ன விற்கிறது?

மாடி வீட்டம்மா ஊரிலிருந்து வந்துவிட்டார். "நாளையிலேருந்து அவங்க வர்றேன்னாங்க. இன்னிக்கு நாம ரெண்டு பேரும் நல்லபடியா ஆடிடுவோம்" என்றார் சம்பந்தியம்மா. பெண்ணை அனுப்பிவைக்கிற மாதிரிச் சொன்னார்.

"சரிங்க" என்றேன்.

அன்றைக்கென்று நாங்கள் வெகுநேரம் சாகவில்லை. பேச்சே இல்லாமல் புதர் புதராகப் பதுங்கி, இடிந்த ஒரு மச்சு வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தோம். நான் கீழே வாசல் பக்கம். சம்பந்தியம்மா மேலே ஜன்னலில், வெளியே பார்த்துக்கொண்டு. இன்னும் சில ஜோடிகள்தான் மீதி. திருகைக் கொஞ்சம் கூட்டினேன். காற்றுச் சத்தம். எங்கோ தூரத்தில் ஒரு வெடி. அப்புறம், மிக மெதுவாக, மரப்படியில் ஒரு கால். என் பக்கத்துப் படி இல்லை, பின்கட்டுப் படி. அவருக்கு நேர் பின்னால். ஜன்னலுக்கு வெளியே அந்த வெடியிலேயே கவனமாக இருந்த அவருக்கு அது கேட்கவில்லை. இன்னொரு கால். மேல்படிக்கு வந்துவிட்டான்.

"குனிடி!" என்று கத்தினேன்.

சம்பந்தியம்மா குனிந்தார். குண்டு அவர் தலைக்கு மேலே போய் ஜன்னல் சட்டத்தில் அடித்தது.

நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். தீவில் என் பொம்மை நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றது. மாப்பிள்ளையைப் பெற்றவர். வங்கி அதிகாரி. அவரை டி போட்டு, அதுவும் அந்தக் குரலில். அடுத்த வீட்டம்மா பால்கனிக்கே வந்து எட்டிப் பார்த்தார். என் மகளின் முகம் கண்முன் வந்தது. இனி என்ன முகத்தோடு ஒரு விசேஷத்துக்குப் போவேன்? மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

காதுக்குள், தெள்ளத்தெளிவாக, ஒரு குரல் சீறியது:

"எந்தப் பக்கம்டி? சொல்லித் தொலையேன்!"

"பின்னாடி! படியில! எடது!"

டுமீல் என்றது. இந்தத் தடவை சுட்டது அவர்.

"இன்னொருத்தன் எங்கடி போனான்?"

"கீழ வர்றான், கீழ வர்றான்! நீ அங்கேயே இரு, நான் பாத்துக்கறேன்!"

பார்த்துக்கொண்டேன். எப்படிச் சுட்டேன் என்று கேட்காதீர்கள், கண்ணை மூடிக்கொண்டுதான் சுட்டேன். சத்தம் வந்த இடம் தெரியுமே. அதற்குப் பிறகு எங்கள் பேச்சில் 'ங்க' என்பதே கிடையாது. "வாடி", "ஓடுடி", "அங்க என்னடி பண்றே, பூப்பறிக்கிறியா?" கடைசியில் எங்களையும் சேர்த்து இரண்டே ஜோடி மிஞ்சியது. நாங்கள் ஜெயித்திருக்கலாம். ஆனால் ஒரு பீப்பாய்க்குப் பின்னால் பதுங்கியிருந்தபோது சம்பந்தியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைக் கேட்டு எனக்கும். இரண்டு பேரும் கண்ணில் நீர் வழிய, அடக்க முடியாமல், சுடக் கை வராமல் சிரித்துக்கொண்டிருந்தோம். அவர்கள் நிதானமாக நடந்து வந்து எங்களைச் சுட்டுவிட்டுப் போனார்கள்.

ஆட்டம் முடிந்தது. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. எனக்கு மறுபடி பயம் எட்டிப் பார்த்தது.

"சம்பந்தியம்மா..." என்று மெதுவாக ஆரம்பித்தேன். "அந்த மாடி வீட்டம்மா நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றாங்க?"

"அவங்களை வர வேண்டாம்னு சொல்லிடப்போறேன்" என்றார் அவர். "நேத்து சாயங்காலம் கொஞ்ச நேரம் அவங்களோட ஆடிப் பாத்தேன். நல்லவங்கதான், பாவம். ரொம்ப மரியாதையா பேசறாங்க."

கொஞ்சம் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:

"இறங்கின உடனே செத்துட்டேன்டி."